வீட்டில் மாற்றிய மின் வண்டியைச் சோதிக்க ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக பம்பு மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் சுற்றுவதுதான் தொழில். என்னுடைய பழைய ஸ்பிளெண்டரை வீட்டிலேயே மின்சார வண்டியாக மாற்றினேன். வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அதை ரோட்டில் ஏற்ற முடியாது. முறைப்படி அனுமதி வாங்கலாம் என்று போனால் விண்ணப்பம் கொடுக்கவே வழியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வண்டி 1999-ல் எடுத்தது. கிலோமீட்டர் மீட்டர் ஒரு லட்சம் தாண்டி மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓட ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்தால் வாசல் முழுக்கப் புகை. ஆனால் சேஸிஸில் ஒரு இடத்தில்கூடத் துரு கிடையாது. வீல், பிரேக், ஷாக் அப்சார்பர் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை. பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகன்தான், "மாமா, நீங்க சுத்தாத மோட்டாரா? நாமளே பண்ணலாம்" என்றான்.

இன்ஜினைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அப்புறம் பதினான்கு மாதம் ஆனது. இன்ஜின் உட்கார்ந்த அதே போல்ட் துளைகளுக்கு 8 மில்லிமீட்டர் பிளேட் வெட்டி, அதில் 3 கிலோவாட் பி.எல்.டி.சி. (கார்பன் பிரஷ் இல்லாத டி.சி.) மோட்டாரைப் பொருத்தினோம். சேஸிஸில் ஒரு வெல்டிங்கூட வைக்கவில்லை. முதலில் மோட்டார் ஷாஃப்டிலேயே 14 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) போட்டு நேராகப் பின் சக்கரத்தின் 42 பல்லுக்குச் செயின் கொடுத்தோம். அது தப்புக் கணக்கு. மோட்டார் மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. சமதளத்தில் ஓடியது, சின்ன மேட்டில் இரண்டு பேர் ஏறியதும் மோட்டார் திணறி, கை வைக்க முடியாத சூடு. நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்து, 15 பல்லுக்கு 33 பல் என்று இன்னொரு கட்டம் குறைத்த பிறகுதான் சரியானது. இப்போது 3,000 ஆர்.பி.எம்.மில் மணிக்கு 50 கிலோமீட்டர் போகும். ஊருக்குள் அதற்கு மேல் எதற்கு?

பேட்டரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 40 ஆம்பியர் ஹவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு). பதினாறு செல்லைத் தொடராக இணைத்தால் 51 வோல்ட் சொச்சம், முழுதாக ஏறினால் 58. வந்த செல்களை ஒவ்வொன்றாக முழுதாக ஏற்றி இறக்கிப் பார்த்தோம். இரண்டு செல் மட்டும் 31 ஆம்பியர் ஹவரிலேயே படுத்துவிட்டன. விற்றவர் அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை. சோதிக்காமல் அப்படியே கோத்திருந்தால், மற்ற பதினான்கும் தெம்பாக இருக்கும்போதே அந்த இரண்டும் வற்றிப் போயிருக்கும்.

இன்னொன்று. 230 வோல்ட் ஏ.சி.யில் காலம் தள்ளியவனுக்கு 58 வோல்ட் சின்ன விஷயமாகத் தெரிந்தது. முதல் தடவை பேட்டரி ஒயரை, மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் சொருகியபோது 'பட்'டென்று நீலப்பொறி பறந்து, கனெக்டரின் பித்தளை முனை கருகிப் பள்ளமாகிவிட்டது. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரன்ட்டை இழுத்ததால் வந்தது. இப்போது ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிவிட்டுத்தான் மெயின் இணைப்பு கொடுக்கிறோம். அதே மாதிரி, வீட்டு எம்.சி.பி.யை (கரன்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) எடுத்து இதில் போடக் கூடாது. ஏ.சி. கரன்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அப்போது பொறி தானாக அணையும். டி.சி.யில் அது கிடையாது, பொறி நின்று எரியும். இதற்கென்றே வரும் டி.சி. ஃபியூஸ்தான் போட வேண்டும். இதெல்லாம் ஒரு தொழில்காரன் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது. யூடியூபைப் பார்த்து ஒரே வாரத்தில் மாற்றுகிறவருக்கு யார் சொல்வார்கள்?

பொள்ளாச்சிப் பக்கம் மச்சானின் தென்னந்தோப்பு இருக்கிறது. வண்டியை மினி வேனில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேதான் ஓட்டிப் பார்க்கிறோம். தோப்பு மண்ணில் ஒரு சார்ஜில் 48 கிலோமீட்டர் வந்தது. திரும்பச் சார்ஜ் ஏற்ற மீட்டரில் இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஓடியது. பெட்ரோல் விற்கிற விலைக்கு இது எவ்வளவு மிச்சம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மச்சான் மகள் ஓட்டிவிட்டு வந்து, "சத்தமே இல்லீங் மாமா, மயில் கத்தறது கேக்குது" என்றாள்.

சரி, முறைப்படி பதிவு செய்யலாம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி போட்டோவை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா ஒப்புதல் வாங்கின கிட்டா இருந்தாத்தாங்க ஆர்.சி.யில் ஏத்த முடியும்" என்றார். கிட் என்றால் மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து வரும் மாற்றுத் தொகுப்பு. அந்த அதிகாரி மேல் எனக்கு வருத்தம் இல்லை. விதி அப்படித்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவே பேட்டரிக்கு மாற்றுவதைப் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த கிட்டை ஒரு நிறுவனம் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை மையத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப் போகும் கம்பெனிக்கு அது சரி. ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவன் எப்படி அங்கே போய் நிற்பது? மீறி ரோட்டில் ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது. அதைவிட எனக்குப் பெரிய பயம் இன்சூரன்ஸ். நாளைக்கு ஒருவர் மேல் இடித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

விதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் பைக் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அன்றிலிருந்து பேட்டரியை வீட்டுக்குள் வைத்து சார்ஜ் ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அந்தப் பயம் இருப்பதால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். வழியே இல்லாததால் யாரும் மாற்றாமல் இருக்கிறார்களா? இல்லை. எங்கள் பக்கத்திலேயே ஒரு வண்டி பார்த்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் செல்களை அடுக்கி, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தது. செல்களைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் இல்லை, ஃபியூஸ் இல்லை. அந்தப் பையன் தினமும் அவிநாசி ரோட்டில் வேலைக்குப் போய் வருகிறான். நான் சொன்னதற்கு, "எங்கண்ணா போய்க் காட்டறது? காட்டினா வண்டியப் புடிச்சு வெச்சுக்குவாங்க" என்றான். என்னிடம் பதில் இல்லை. டி.சி. ஃபியூஸ் ஒன்றை மட்டும் என் கையால் போட்டுக் கொடுத்தேன்.

பிரிட்டனில் மோட்டார் சைக்கிளைத் தனித்தனி வண்டியாகச் சோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. கோவையில் அதற்கு வசதியா இல்லை? தடாகம் ரோட்டில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. ஊரில் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கிறது. மாதம் ஒரு நாள் அங்கே ஒரு மின்துறைப் பேராசிரியரும் மோட்டார் வாகன ஆய்வாளரும் உட்காரட்டும். இன்ஸுலேஷனை மெக்கர் (மின்கசிவு பார்க்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கட்டும், பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லட்டும், பாரம் ஏற்றி பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். கட்டணம் எவ்வளவானாலும் நியாயமாக இருந்தால் கட்டுவோம். தேறாவிட்டால் குறையை எழுதிக் கொடுக்கட்டும், சரிசெய்துகொண்டு மறுபடி வருகிறோம். தேறினால் ஆர்.சி.யில் பெட்ரோல் என்ற இடத்தில் பேட்டரி என்று மாற்றி, பச்சை நம்பர் பிளேட் கொடுக்கட்டும். விதியைத் திருத்த வேண்டியது மத்திய அரசு என்றால், போக்குவரத்துத் துறை அமைச்சர் இதை டெல்லிக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியின் ஒயரிங் படம், ஒவ்வொரு செல்லையும் சோதித்த நோட்டு, பிளேட்டின் அளவு எல்லாம் பட்டறையில் ஒரு ஃபைலாக இருக்கின்றன. எந்த ஆய்வாளர் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன். வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாலும் பிரித்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மோட்டார் ரீவைண்டிங் தொழிலாளி,
கணபதி, கோவை.