நன்றி சொல்லுமுன் அழவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை போன வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களைப் பற்றி எழுதுகிறேன். பாட்டு முடிந்ததுமே, "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க ஐயா" என்று வீட்டுக்காரரை நெருக்குகிறார்கள். அவரும் உதட்டளவில் சொல்லிவிட்டு, பிறகு சபைப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுகிறார். பவுல் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்யச் சொன்னார். ஆட்குறைப்பை நல்லது என்று சொல்லச் சொல்லவில்லை.

முதலில் வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். அடுத்த இரண்டில் மன்றாட்டு. பாட்டு வருவது கடைசியில்தான். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் நிறுத்தி, வீட்டார் வாய்திறக்க நேரம் கொடுங்கள். மூப்பர்கள் இடையில் புகுந்து ஆறுதல் சொல்ல வேண்டாம். நன்றியும் பொத்தாம்பொதுவாக வேண்டாம். வாடகைக்குத் தவணை தந்தவர், பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போன பக்கத்து வீட்டுக்காரர் என்று பெயர் சொல்லி ஸ்தோத்திரிக்கட்டும். நன்றியே வராவிட்டால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதம்தான்.

கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் உட்கார்ந்து, மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலை காப்புறுதி மனுவை நிரப்பிக் கொடுக்கட்டும். வேலை போன 60 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும்.

சபை ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு