இரண்டு பீஸுக்கு யார் உலை மூட்டுவார்கள்?

சென்னை, கோவை வாகன உதிரிபாக உற்பத்தியாளர்களுக்கும் வார்ப்பாலை உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்தெருவுக்குத் திரும்பும்போது என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் இடது முன்சக்கரம் மடிந்து விழுந்தது. வேகம் பத்து, பதினைந்துகூட இருக்காது. ‘டக்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி மூக்கைத் தரையில் வைத்துவிட்டது. பக்கத்தில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் முன்னால், அறுபதில் போய்க்கொண்டிருந்தபோது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த வண்டி பிறந்ததே அந்தப் பக்கத்தில்தான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1961-இல் இங்கே ஹெரால்டு தயாரிக்கத் தொடங்கியபோது அதற்குப் பாகம் செய்து கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் உங்களில் இருப்பீர்கள்.

விழுந்ததற்குக் காரணம் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பாகம், டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர்; அதன் அடி நுனிப் புரி டிரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த எஃகுப் புரி மஞ்சள் உலோகத்துக்குள் சுழல வேண்டும். 25 அடி வட்டத்துக்குள் ஹெரால்டு திரும்புவதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் எங்கள் அப்பா அதை வாங்கினார்; அந்தத் திருப்பம் மொத்தமும் இந்தப் புரியின் மேல்தான் நடக்கிறது. வண்டியின் இடதுபக்கப் புரிக்கு வலதுபக்கம் எதிர்ப்புரி. அதற்குள் போக வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். ஆயில் இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தங்கும், எஃகு துருவேறும், பிறகு ஒரு நாள் உடையும்.

நான் ஆயில் விட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் விட்டேன். ‘புதுசு, ஒரிஜினல்’ என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அசலுக்குரிய விலையும் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் விற்ற டிரன்னியன் அது. உடைந்த பிறகு வைஸில் கட்டி நெடுக அறுத்துப் பார்த்தோம். ஆயில் விடுகிற துளை உள்ளே போகவே இல்லை. நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் டிரில் நின்றுபோயிருந்தது. இரண்டு மழைக்காலம் நான் விட்ட ஆயில் எல்லாம் வெளியே வழிந்து தரையில் சொட்டியிருக்கிறது. லிங்க் உடைந்த முகத்தையும் பார்த்தேன். முக்கால்வாசி பழுப்பு, பழைய துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்குத்தான் புது எஃகு பளபளத்தது. அந்த நகக்கண் அளவு எஃகில்தான் என் மகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் தேடல் தொடங்கியது. புதுப்பேட்டையில் நான்கு சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்தவை எல்லாம் தேய்ந்தவை, கையால் ஆட்டினாலே ஆடுகிறவை. நல்ல லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர், கை சுத்தமானவர், சொன்னார்: “புரி நான் வெட்டித் தர்றேன் சார். ஆனா வார்ப்பு வேணுமே. ரெண்டு பீஸுக்கு யாரு உலை மூட்டுவாங்க?” உங்களில் மூன்று பேரிடம் தொலைபேசியில் கேட்டேன். ஐந்நூறுக்குக் குறைந்து எடுப்பதில்லை என்றார் ஒருவர். மற்ற இருவர் திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள், அழைக்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, ஒரு சிறு தொகுதி, அசல் அளவில், அசல் உலோகத்தில் வார்த்துக் கொடுங்கள். பழைய டிரன்னியனின் உலோகக் கலவையை ஸ்பெக்ட்ரோ சோதனையில் தெரிந்துகொள்ளலாம். லிங்கை ஃபோர்ஜிங்கில் அடித்து, விரிசல் சோதனை செய்து கொடுங்கள். பின்பக்கம் டிஃபரென்ஷியல் மேல் குறுக்காக உட்காரும் பட்டை ஸ்பிரிங்கும் அப்படித்தான். அது தளர்ந்தால் பின்சக்கரங்கள் காலை அகட்டிக்கொண்டு நிற்கும், டயர் உள்பக்கம் மட்டும் தேயும். பட்டறையில் காய்ச்சி வளைத்துத் தருகிறார்கள். சரியான பதம் ஏற்றாததால் ஆறு மாதத்தில் மறுபடி தொங்கிவிடுகிறது. டிரன்னியனையாவது இங்கிலாந்திலிருந்து கூரியரில் வரவழைக்கலாம். அந்தக் கனமான ஸ்பிரிங்குக்கு அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்த்துக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

அரசு தன் பங்குக்கு 2021 ஜூலையில் ஒரு விதி கொண்டு வந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை அசல் வடிவத்தில் வைத்திருந்தால் வின்டேஜ் என்று தனிப் பதிவு, கட்டணம் 20,000 ரூபாய். சேஸியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் கூடாது. நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் பாகம் கிடைக்காதவன் என்ன செய்வான்? வேறு வண்டியின் முன் அச்சைக் கொண்டுவந்து சேஸியை அறுத்து வெல்டிங் வைக்கிறான். அப்படி அறுபட்ட மூன்று ஹெரால்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன். உலகத்துக்கே கார் பாகம் செய்து அனுப்பும் ஊர் என்று பெருமை பேசுகிறோம். இந்த ஊரிலேயே பிறந்த வண்டிக்கு ஒரு வார்ப்புத் துண்டு கிடையாது என்றால் அந்தப் பெருமை எனக்கு உறுத்துகிறது, மன்னியுங்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன். தொழில் கணக்கு உங்களுக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த டிரன்னியன் ஹெரால்டுக்கு மட்டும் உரியது இல்லை. இதே வகை முன் சஸ்பென்ஷன்தான் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும். அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அங்கே இன்றும் இந்தப் பாகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். சரியாகச் செய்தால் கப்பலேற்றலாம். இங்கே எங்களில் சிலர் சேர்ந்து நாற்பது ஜோடிக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டத் தயார். வார்ப்புக்கு முதலில் செய்ய வேண்டிய பேட்டர்ன், அதாவது மாதிரி அச்சு, அதன் செலவையும் பகிர்ந்துகொள்கிறோம். ஆண்டுக்கு ஒரு தொகுதி போதும். தயவுசெய்து உங்களில் ஒருவராவது ஒப்புக்கொள்ளுங்கள்.

தேயாத அசல் டிரன்னியன் என்னிடம் இரண்டு இருக்கின்றன, இடது ஒன்று, வலது ஒன்று. அப்பா வாங்கி, எண்ணெய்த் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தவை. வண்டியில் மாட்டிவிட்டால் அளவெடுக்க வேறு கிடையாது என்பதால் இன்னும் மாட்டவில்லை. வண்டி ஷெட்டில் கட்டை மேல் நிற்கிறது. எந்த வார்ப்பாலைக்கு, எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள், நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

பணிவுடன்,
ஒரு ஹெரால்டு வண்டிக்காரன்