மாரிக்கு நம் பாய்ப்பந்து

அனைவருக்கும் வணக்கம். மாரி தொடங்கினால் கல்லடிப் பக்கம் வெளியில் விளையாட வழியில்லை, பிள்ளைகள் போனோடு முடங்கிவிடுகிறார்கள். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பழக்கூடைகளை மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கியதும் குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் விளையாடத்தான். சரி, நாமும் அப்படி ஓர் உள்ளரங்க ஆட்டம் செய்தோம், அதுதான் பாய்ப்பந்து.

மண்டபத்தின் இரு பக்கச் சுவரிலும் பன்பாய் (பன்புல்லில் இழைத்த பாய்) தொங்கும். அணிக்கு நால்வர். பந்தோடு மூன்று எட்டுக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. பாயில் பட்ட பந்து நிலத்தில் விழுமுன் எதிரணி பிடித்துவிட்டால் புள்ளி இல்லை. அந்தப் பிடிதான் ஆட்டத்தின் உயிர். போன கிழமை ஒரு தங்கச்சி முழங்காலில் சறுக்கிப் போய்ப் பிடித்ததும் மண்டபமே எழும்பி நின்றது! பந்தில் காற்று சற்றுக் குறைவாக இருந்தால் நல்லது.

சனி பின்னேரம் 4 மணிக்கு வாருங்கள். பழைய பாய் இருந்தால் கொண்டு வாருங்கள், ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வீடியோ எடுக்கத் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும், பாடசாலைகளுக்குக் காட்ட.