டிரெட் ஸ்காட் ஓடிவந்தவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "தப்பி ஓடிவந்த அடிமையான டிரெட் ஸ்காட் தொடுத்த வழக்கு 1857இல் தள்ளுபடியானது." அந்த வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிரெட் ஸ்காட் ஓடிவந்து வழக்குப் போடவில்லை. எஜமான் கூட்டிப்போன இடத்துக்குப் போனார், அவ்வளவுதான். ராணுவ மருத்துவர் ஜான் எமர்சன் அவரை இல்லினாய்க்குக் கொண்டுபோனார். அங்கே அடிமைமுறை கிடையாது. அங்கிருந்து ஸ்னெல்லிங் கோட்டை. 1820ஆம் வருட மிசூரி உடன்பாட்டின்படி அந்தப் பகுதியிலும் அடிமை வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கோட்டையில்தான் ஹாரியட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். மருத்துவர் இறந்த பிறகு, 1846 ஏப்ரல் 6ஆம் தேதி, புருஷனும் மனைவியும் அடிமைமுறை இருந்த மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கோர்ட்டில் ஆளுக்கொரு மனுப் போட்டார்கள். சுதந்திர மண்ணில் வைத்திருந்த அடிமைக்கு விடுதலை உண்டு என்று மிசூரி கோர்ட்டுகளே அதற்கு முன்னால் பலமுறை தீர்ப்புச் சொல்லியிருந்தன. அதை நம்பித்தான் வந்தார்கள்.

"ஓடிவந்த அடிமை" என்பது அந்தக் காலத்தில் சாதாரண வார்த்தை இல்லை ஐயா. ஓடியவர்களைப் பிடித்துக்கொடுக்க 1850இல் சட்டமே போட்டார்கள். விசாரிக்கும் அதிகாரி எஜமானிடமே திருப்பி அனுப்பச் சொன்னால் அந்த அதிகாரிக்குக் கட்டணம் 10 டாலர், விட்டுவிடச் சொன்னால் 5 டாலர். அப்படிப்பட்ட வார்த்தையைக் கோர்ட் படியேறி வந்த மனிதர்மேல் போடலாமா?

நான் தென்மாவட்டக் கோர்ட்டுகளில் 31 வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "எப்ப சார் வாய்தா?" என்று கேட்கிற பெரியவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். டிரெட் ஸ்காட்டுக்கும் எழுதத் தெரியாது. அவர் மனுவில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறிதான் இருக்கிறது. அதைப் படத்தில் பார்த்தபோது, எத்தனையோ வருடம் நான் கட்டிவைத்த கட்டுகளில் ஒன்றைப் பிரித்ததுபோல் இருந்தது.

1847இல் முதல் விசாரணையில் தோற்றார்கள். ஏன் தெரியுமா? எமர்சனின் மனைவிதான் அவர்களை அடிமையாக வைத்திருக்கிறார் என்பதற்குச் சாட்சி சொல்ல வந்தவர், தன் மனைவி சொல்லித்தான் தனக்கு அது தெரியும் என்றார். கேள்விப்பட்ட சாட்சியம் செல்லாது. யாருடைய அடிமை என்று நிரூபிக்க முடியாததால் அவர்கள் அடிமையாகவே இருக்க வேண்டியதாயிற்று. என் அப்பாவின் நில வழக்கு ஒரு பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் இல்லை என்று தள்ளுபடியாகி, மறுபடி வழக்குக்கு நம்பர் கிடைத்த தேதிக்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். எனவே அந்த 1847 எனக்கு வெறும் வருடம் இல்லை.

1850இல் ஜூரி விடுதலை என்றது. 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம், காலம் இப்போது முன்போல் இல்லை என்று சொல்லி அதை ரத்து செய்தது. சட்டத்தின் ஒரு வரிகூட மாறவில்லை, காலம்தான் மாறியதாம். கடைசியாக 1857 மார்ச் 6ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி, ஏழு பேருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் தீர்ப்பு வாசித்தார். கறுப்பினத்தவர், அடிமையானாலும் சுதந்திரமானவரானாலும், நாட்டின் குடிமகன் ஆக முடியாது, அதனால் இந்தக் கோர்ட்டுக்கு வரவே உரிமை இல்லை. அதோடு நிறுத்தாமல், புதிய பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்றும் சொன்னார். அரசியல் சாசனம் வருவதற்கு முன்பே ஐந்து மாநிலங்களில் சுதந்திரமான கறுப்பினத்தவர் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நீதிபதி கர்டிஸ் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துக்காட்டினார். அந்த வருடமே பதவியை விட்டுப் போனார். உங்கள் கட்டுரையில் கர்டிஸ் பெயரே இல்லை.

வழக்கு வெறுமனே "தள்ளுபடியானது" என்றால் இது எப்படி ஐயா புரியும்? பேசித் தீர்க்க இருந்த வழியை அந்தத் தீர்ப்பு அடைத்தது. அடிமைமுறை மேற்கே பரவக் கூடாது என்பதற்காகவே தொடங்கிய குடியரசுக் கட்சியின் கொள்கையையே சட்டவிரோதம் என்றது. அதே கட்சியின் லிங்கன் 1860இல் ஜெயித்தார், தென்மாநிலங்கள் பிரிந்தன, 1861 ஏப்ரலில் பீரங்கி வெடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் இதே பத்திரிகையில், அந்தப் போர் வரித் தகராறால் வந்தது என்று எழுதினீர்கள். மிசிசிப்பி மாநிலம் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையே அடிமைமுறையோடு தங்கள் நிலை பிணைந்தது என்று சொல்கிறது, அதைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டேன். நான்கு வரி போட்டீர்கள். மிசிசிப்பி வரியை மட்டும் வெட்டிவிட்டீர்கள். பக்கத்தில் இடமில்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் வருத்தம் போகவில்லை.

இன்னொன்று. ஹாரியட்டும் மனுதாரர். அவருக்கும் தனி வழக்கு இருந்தது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு 11 வருடம் வாய்தாவுக்குக் காத்திருந்தவர். பிள்ளைகள் அடிமையா இல்லையா என்பது தாயை வைத்துத்தான். அப்படியிருக்க, நீங்கள் போட்ட இரண்டு பக்கத்தில் அந்த அம்மாள் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

தீர்ப்பு வந்த வருடமே மே மாதம், எமர்சனுக்கு முன்பிருந்த எஜமானின் மகன் ஒருவர் அவர்களை வாங்கி விடுவித்தார். டிரெட் ஸ்காட் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கினார். மறுவருடம் செப்டம்பரில் காசநோயில் இறந்துபோனார். பிறந்தவரெல்லாம் குடிமக்கள் என்று 14ஆவது திருத்தம் வந்தது 1868இல். ஹாரியட் அதைப் பார்த்தார், டிரெட் ஸ்காட் பார்க்கவில்லை.

"தப்பி ஓடிவந்த" என்பதை எடுத்துவிட்டு, "டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும்" என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதம் வேண்டாம், திருத்தம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்,
ராஜபாளையம்.