எந்தப் படத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறோம்?

ஆசிரியர் அவர்கட்கு,

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) பற்றித் தங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் வாதத்தில் இரண்டு அணிகள் தெரிகின்றன. தலையும் வாலும் விளங்காத படம் என்கிறது ஒன்று. விளங்காவிட்டால் அது பார்த்தவரின் குறை என்கிறது மற்றது. எந்த நீளத்தில், எந்தத் திரையில் பார்த்தோம் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சோறும் குழம்பும் உண்டுவிட்டு எழும்பியவரும் பாயாசம் வரை இருந்தவரும் ஒரே விருந்தைப் பற்றிச் சண்டை பிடிப்பது போல இருக்கிறது.

அந்த வருடத் தைப்பொங்கலுக்கு வெளிவந்த படம் அது. மறைந்துபோன சோழரைத் தேடிப் போகும் கூட்டத்திலிருந்து மூவர் தடைகளைத் தாண்டி அவர்களிடம் போய்ச் சேரும் கதை. ஏறக்குறைய மூன்று மணி நேரமாக இருந்ததைப் படமாளிகைக்காக இரண்டரை மணி நேரமளவுக்குக் குறைத்தார்கள். இப்படிக் குறைக்க வைப்பது பெரும்பாலும் மணிக்கூடுதான். நாளுக்கு நான்கு காட்சி, மூன்றரை மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு காட்சிக்கு 210 நிமிடம். படம் 180, இடைவேளை 15, விளம்பரமும் முன்னோட்டமும் 10, ஆட்களை வெளியே விட்டு உள்ளே எடுக்க 15. கூட்டினால் 220. ஒவ்வொரு காட்சியும் பத்து நிமிடம் பிந்த, நான்காவது காட்சி அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கும். படத்தை 150 நிமிடமாக்கினால் 20 நிமிடம் மிச்சம்.

ஆனால் வெட்டப்படுவது எது? பாட்டும் மௌனமும் நடையும். இசைத்தட்டில் இருக்கும் 'மாலை நேரம்' 2010 இல் படமாளிகைக்கு வந்த படத்தில் இல்லை. அது பெரிய இழப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். துரத்தி வரும் பாண்டியரைத் தடுக்கச் சோழர் வழியில் வைத்த ஏழு தடைகளில் ஒன்று பசி. கடல், ஆட்கொல்லிக் கூட்டம், வீரர், பாம்பு எல்லாவற்றையும் சில நிமிடங்களில் காட்டிவிடலாம். பசியை அப்படிக் காட்ட முடியாது. பசி என்றாலே நேரம். அதைச் சுருக்கினால் 'களைத்துப் போனார்கள்' என்ற செய்திதான் மிஞ்சும். இரண்டாம் பாதியில் வரும் சோழ மக்களின் பட்டினியை விளங்கிக்கொள்ள அந்தப் பசியைத்தான் முதலில் பழக வேண்டும். தொகுப்பு மேசையில் இது போனதுதான் படத்தின் உண்மையான காயம் என்பது என் கருத்து. 'விளங்கவில்லை' என்பவர்களும் இதனால் பாதி சரி.

மீதிப் பாதி தொலைக்காட்சியின் வேலை. இது அகலத்திரைப் படம். அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. பழைய நான்குக்கு மூன்று தொலைக்காட்சியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இல்லாமல் திரை நிறையக் காட்டினால் படத்தின் அகலத்தில் 57 சதவீதம்தான் தெரியும். இன்றைய பதினாறுக்கு ஒன்பது திரையிலும் அப்படி நிரப்பினால் கால்வாசி காணாமற்போகும். கூட்டமாக நிற்கும் சோழ மக்களின் காட்சிகளில் ஓரங்களில்தான் ஆட்கள் நிற்கிறார்கள். ஓரத்தை வெட்டினால் ஓர் இனம் நாலைந்து பேராகிவிடுகிறது.

இனி, வாதத்தில் பலமுறை வந்த நடராசர் நிழல். பாலைவனத்தில் பாறைகளின் நிழல் நடராசர் வடிவமாக விழுகிறது; நிழலுக்குள் நின்றால் தப்பலாம், வெளியே புதைமணல். 'அறிவியலுக்கு ஒவ்வாது' என்று ஒருவரும் 'தமிழனின் வானியல்' என்று இன்னொருவரும் எழுதியிருந்தனர். கணக்கைப் பார்ப்போம். சூரியன் அடிவானிலிருந்து 45 பாகை உயரத்தில் நின்றால் 10 மீற்றர்ப் பாறையின் நிழல் 10 மீற்றர். 10 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ 57 மீற்றர். 5 பாகையில் 114. நமது அகலாங்கில் 10 பாகையிலிருந்து 5 பாகைக்கு இறங்க 20 நிமிடம் சொச்சம். அப்படியென்றால் நிழலின் நுனி நிமிடத்துக்கு மூன்று மீற்றர் கூட நகராது. குழந்தை தவழும் வேகம். அதற்குள் நிற்க ஓடத் தேவையில்லை.

இன்னொன்று. சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலமான வட்டம். 57 மீற்றருக்கு அப்பால் விழும் நிழலின் விளிம்பு அரை மீற்றர் அகலத்துக்குக் குறையாமல் மங்கியிருக்கும். மாலை ஐந்தரை மணிக்கு வெளியே போய் ஒரு பனையின் நிழலைப் பாருங்கள்: அடிமரத்தின் நிழல் கோடு போட்டதுபோல் இருக்கும், ஓலை நுனிகள் கரைந்துபோயிருக்கும். ஆகவே தூக்கிய திருவடியும் தோளும் விழலாம், விரல்கள் விழா. காட்சி கண்ணுக்கு அழகு, கணக்குக்கு மிகை. அவ்வளவுதான்.

புதைமணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு நீர் வேண்டும். நுண்மணலும் களியும் நீரும் சேர்ந்தால்தான் அது உண்டாகும், காய்ந்த பாலையில் அல்ல. அதன் அடர்த்தி நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு, மனித உடலினது நீரளவே. அதனால் இடுப்பளவுக்கு மேல் ஆள் தாழ்வதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: காலை வெடுக்கென்று இழுத்தால் ஒரு காரைத் தூக்குமளவு விசை வேண்டியிருக்கும், அதற்குள் கடலேற்றம் வந்துவிடலாம். பின்பக்கம் சாய்ந்து, காலை மெல்ல மெல்ல ஆட்டி நீர் உள்ளே இறங்க விடவேண்டும். களப்புச் சேற்றில் நண்டு பிடிக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வரலாற்றுப் பக்கம் வருகிறேன். படம் 1279 இல் தொடங்குகிறது. மூன்றாம் இராசேந்திரனோடு சோழ ஆட்சி முடிந்ததும், மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஓங்கியதும் அந்தக் காலந்தான். தஞ்சையிலிருந்து தப்பியவர்கள் வியட்நாம் பக்கத்துத் தீவொன்றில் பல நூற்றாண்டு மறைந்திருந்தார்கள் என்பது கற்பனை. திசை மட்டும் நம்பக்கூடியது. முதலாம் இராசேந்திரனின் கப்பல்கள் 1025 இல் கடாரம் வரை போயிருக்கின்றன.

இங்கே பலர் சோழரை 'நாங்கள்' என்றும் பாண்டியரை 'அவர்கள்' என்றும் எழுதுகிறார்கள். சற்றுப் பொறுக்கவேண்டும். அதே குலசேகர பாண்டியன் இலங்கைக்கு அனுப்பிய படையின் தலைவனை, இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் ஆரியச்சக்கரவர்த்தி என்றே குறிக்கிறது. சிங்கள அரசின் தலைநகராயிருந்த யாப்பகுவையை அழித்துப் புத்தரின் தந்ததாதுவை மதுரைக்குக் கொண்டுபோன படை அது. யாழ்ப்பாண அரசர்கள் தாங்கிய பட்டமும் அதுவே. அவர்கள் காசில் நந்தியும் 'சேது' என்ற எழுத்தும். வம்சம் பார்த்து அணி சேர்வதானால் அவர்களின் தலைநகரான நல்லூரிலிருந்து பாண்டியன் பக்கம் போகும் வழிதான் கிட்ட!

கடைசி அரை மணி நேரத்தை, இலங்கையில் இறுதிப் போர் முடிந்த 2009 மே மாதத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்களின் உணர்வைக் குறை சொல்ல ஏலாது. ஒடுங்கிய நிலத்தில் பசியோடு நிற்கும் சனம், துவக்கு வைத்திருக்கும் படை, பெண்களுக்கு நடப்பவை. அந்த மாதம் முடிந்து எட்டே மாதத்தில் வந்த படம் அது. ஆனால் 'மே மாதத்துக்குப் பிறகு எழுதிய கதை' என்று அடித்துச் சொல்வது பிழை. படப்பிடிப்பு 2007 இல் தொடங்கியது. பின்வேலைகளில் எதை அழுத்தினார்கள் என்பது தனிக் கேள்வி. அந்தக் காட்சிகளை ரசனைக் குறைவு என்று ஒரு வாசகர் தள்ளியதும், நினைவுச்சின்னமாக ஏற்ற வேண்டும் என்று இன்னொருவர் கேட்டதும் எனக்கு ஒப்பவில்லை. முதற்பாதியில் சுமைதூக்கிகளின் பகிடியும் பெண்களைப் பற்றிய மலிவான பேச்சும் இருக்க, அதே படம் அந்தத் துயரத்தைத் தாங்க முயல்கிறது. தோள் போதவில்லை, ஆனாலும் முயன்றது.

படத்தில் சோழர் பேசும் பழந்தமிழ் கடினம் என்ற முறைப்பாட்டை மட்டும் யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்கக் கூச்சமாக இருக்கிறது. 'உது', 'உவன்' என்று இன்றும் கதைக்கிற ஊர் இது. 'பெம்மானே' என்ற பாட்டின் முதற்சொல்லைத் 'தோடுடைய செவியன்' தேவாரம் பாடிய எந்தப் பிள்ளையும் அறியும். விளங்காமற் போவது சொல்லாலன்று. உரையாடலை மேளச்சத்தம் மூடுவதால். ஆறு வழி ஒலியை இரண்டு பெட்டிக்குச் சுருக்கும்போது நடு ஒலிபெருக்கிக்குரிய பேச்சு தாழ்ந்துவிடும். ஒலியமைப்பில் நடுவழியைக் கூட்டினாலே பாதி வசனம் திரும்பி வரும்.

சனசமூக நிலையங்களில் இதைத் திரையிட்டுக் கலந்துரையாடலாம் என்ற யோசனை நல்லது. சிறுவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம். மூன்று மணி நேரப் பிரதி கிடைத்தால் அதையே போடுங்கள், கிடைக்காவிட்டால் இது வெட்டிய பிரதி என்று முதலில் சொல்லிவிடுங்கள். இருட்டு முழுதாக விழுந்த பின் தொடங்குங்கள். குகைக்குள் நடக்கும் காட்சிகள் அதிகம், முற்றத்து மின்குமிழ் ஒன்று எரிந்தாலே கறுப்பு சாம்பலாகிவிடும். பெரிதாகக் காட்டும் ஆசையில் மல்ரிமீடியா எறிகருவியைத் தூரத் தள்ளவேண்டாம். படத்தின் அகலத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினால் பரப்பு 1.78 மடங்காகும், வெளிச்சம் 56 சதவீதமாகக் குறையும். 12 அடி அகலத்துக்குப் படத்தின் உயரம் 5 அடி சொச்சமே வரும். மேலும் கீழும் வெறுமையாக இருக்கிறதே என்று திரையை நிரப்பும் பொத்தானை யாரும் அமுக்கவேண்டாம். இடைவேளையைப் பாதி நேரத்தில் விடாமல், மூவரும் சோழரிடம் போய்ச் சேரும் இடத்தில் விடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு படங்கள். தேநீர் குடித்து வந்து இரண்டாவதைப் புதிதாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில்.