மே மாத வொண்டர்லா பயணம்: ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடுங்க

எல்லோருக்கும் வணக்கம். நம் குடும்பம் மொத்தமாகச் சேர்ந்து போகும் முதல் கோடைப் பயணம் இது. பெங்களூரு பக்கம் பிடதியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க்குக்கே போகலாம் என்பது என் கருத்து. பார்க்கோடு சேர்ந்தே அவர்களுடைய ரிசார்ட்டும் இருக்கிறது. பெரியம்மா மதியம் அறைக்குப் போய்க் கொஞ்சம் காலை நீட்டலாம், அதற்காகப் பிள்ளைகள் தண்ணீர் விளையாட்டை விட்டு வர வேண்டியதில்லை. செலவு கூடும்தான், ஆனால் இதற்குக் கொடுக்கலாம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். லீவில் பெங்களூரு வண்டிகள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். 5 வயது ஆன பிள்ளைக்குத் தனி பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவே போதும், ஆட்டோ வேண்டாம்.

அப்புறம் துணி. தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடையோடு விடமாட்டார்கள், நைலான், பாலியஸ்டர்தான். அங்கே போய் வாங்காமல் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் இப்போதே எடுத்துவிடலாம். பெரிய ரைடுகளில் உயரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள், சிலவற்றுக்கு 140 செ.மீ. வேண்டும். வரிசையில் நின்று திரும்பினால் பிள்ளை மனசு உடைந்துவிடும், வீட்டிலேயே அளந்து சொல்லி வையுங்கள். ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் வேகமான ரைடுகளில் ஏறவே வேண்டாம். மாமா, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

யார் யார் வருகிறீர்கள், பிள்ளைகளின் வயது, உயரம் எல்லாம் இங்கேயே போடுங்க. திங்கட்கிழமை டிக்கெட் தேதி பார்த்துவிடுகிறேன்.