தூலோனிலிருந்து செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததில் நிம்மதி. பிசியோதெரபிக்காரர் ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி உயிரை வாங்குகிறார் என்கிறாயே, எனக்கு ஒரே உதையைத் திரும்பத் திரும்பப் பழகிய இங்கிலாந்து ரக்பி வீரர் ஜானி வில்கின்சன் ஞாபகம் வந்துவிட்டது. உனக்குக் கிரிக்கெட்டை விட்டால் வேறு விளையாட்டே கிடையாது. பரவாயில்லை, படி.

2003 நவம்பர் 22, சிட்னியில் ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரமும் முடியப்போகிறது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் 17-17. கையிலிருக்கும் பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும் கணத்தில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3 புள்ளி. இடக்கால்காரரான வில்கின்சன் அதை வலக்காலால் செய்தார். கோப்பை இங்கிலாந்துக்கு. அப்போது அவருக்கு வயது 24.

ஊரெல்லாம் இந்த உதையைத்தான் பேசும். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அடுத்த மூன்று வருடத்துக்கு மேல் இங்கிலாந்துக்காக அவரால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. கழுத்து, தோள், முட்டி, சிறுநீரகம் என்று ஒன்று ஆறினால் இன்னொன்று. அவர் பத்தாம் எண் சட்டைக்காரர். அந்த இடத்தில் ஆடுபவர்கள் பொதுவாக மோதலுக்கு ஒதுங்கி நின்று ஆட்டத்தை நடத்துவார்கள். இந்த மனுஷன் தன்னைவிட ரொம்பக் கனமான ஆட்களின் மேல் போய் விழுவார். உடம்பு என்ன செய்யும்? 2007 பிப்ரவரியில் திரும்பி வந்து, அந்த ஒரே ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு எதிராக 27 புள்ளி எடுத்தார்.

இங்கிலாந்தின் நியூகாசில் அணியில் 12 வருடம் ஆடிவிட்டு 2009இல் தென் பிரான்சில் இருக்கும் எங்கள் தூலோன் அணிக்கு வந்தார். வயது 30. ‘காயலான் கடைச் சரக்கு’ என்று இங்கே கிண்டல் செய்தவர்களில் என் மச்சானும் ஒருவன். துறைமுகத்தை ஒட்டிய மயோல் மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் ‘பிலூ பிலூ’ என்று கூட்டம் போடும் கத்தலில் காது அடைத்துவிடும். அவர் பந்தை நிறுத்திவைத்து, முட்டியை லேசாக மடக்கி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு கம்பத்தைப் பார்ப்பார். அத்தனை கூட்டமும் கப்சிப்.

கம்பங்களுக்குப் பின்னால் டோரிஸ் என்று ஒரு கற்பனைப் பெண்மணியை உட்காரவைத்து, அவளைக் குறிபார்த்து உதைத்துப் பழகியவராம். பயிற்சி முடிந்தும் தனியாக நின்று உதைத்துக்கொண்டே இருப்பார். ஒரு உதை கோணலாகப் போனால் மனசு ஆறாது. இதை ஒழுக்கம் என்று எல்லாரும் புகழ்கிறார்கள். அந்தப் பதற்றமும் மனச்சோர்வும் தன்னை எப்படித் தின்றன என்று அவரே பின்னால் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உலகக் கோப்பை ஜெயித்தும் அது தீரவில்லை. அதனால் இளம் பையன்களிடம் ‘வில்கின்சன் மாதிரி உழை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

2013இலும் 2014இலும் ஐரோப்பியக் கோப்பை எங்களுக்கு. 2014 மே 31, பாரிஸை ஒட்டிய மைதானத்தில் பிரெஞ்சு லீக் இறுதி ஆட்டம், அவருடைய கடைசி ஆட்டமும் அதுதான். காஸ்த்ர் அணியை 18-10 என்று வென்றோம், அதில் 15 புள்ளி அவருடையது. அன்று அவருக்காக இங்கிலாந்தின் தேசிய கீதத்தைப் போட்டார்கள். பிரெஞ்சுக்காரன் நடத்தும் ஆட்டத்தில் இங்கிலீஷ்காரன் கீதம்! பாண்டியில் வளர்ந்த உனக்கு இதன் அதிசயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பெரியவளுக்குப் பார்த்த வரன் என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. பொங்கலுக்கு அங்கே வருவதாக இருக்கிறோம். டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராஜா